துணி காயப்போடும் இடம்

வரைபடத்தை அம்மாவின் முன்னால் விரித்து வைத்தேன். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, மூன்று ஏக்கர் முந்திரிக் கொல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் சாய்த்துப்போட்ட மரங்களுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. ஆறு பெண்கள் சேர்ந்து அந்த நிலத்தை வாங்கி, பணி ஓய்வுக்குப் பிறகு அங்கேயே வாழ்வது என்று மூன்று வருடங்களாகப் பேசிவருகிறோம். மண் வீடுகள், மழைநீர்க் குளம், மட்கும் கழிப்பறை, பொதுச் சமையற்கூடம், சிறு நூலகம், நடுவில் ஒரு வேப்பமரத்தடி. குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், மிக்ஸி வேண்டாம், கூடுமானவரை மின்சாரமே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம் கொடுத்து வரைந்திருந்தோம்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. துணி எங்கடி காயப்போடுவீங்க?"

எங்கள் வரைபடத்தில் துணிக்கொடி இல்லை. துவைக்கிற கல்லும் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருந்தது.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. பக்கத்து ஊர்லருந்து ஒரு ஆள வெச்சுக்கலாம்" என்றேன்.

அம்மா "சரி" என்றாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனாள். 'ஆள்' என்ற சொல் அதன் பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அப்பா இறந்தபிறகு, எங்கள் ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் இருபத்துநான்கு வருடம் அம்மா அந்தச் சொல்லாகத்தான் இருந்தாள். "இன்னிக்கு ஃபினிஷிங்குக்கு எத்தன ஆளு?" என்று காலையில் கேட்பார்கள். ஆறு ஆள், எட்டு ஆள் என்று பதில் வரும். அந்தக் கூலியில் படித்துத்தான் நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கினேன். இப்போது என் கனவுக் கிராமத்துக்கு எனக்கும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இந்தக் கட்டுரை அந்த "சரி"யைப் பற்றியது.

சூழலோடு இசைந்து வாழும் குடியிருப்புகளை வடிவமைப்பது இன்று உலகெங்கும் ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. ஸ்காட்லாந்தின் ஃபிண்ட்ஹார்னில் 1995இல் நடந்த ஒரு மாநாட்டையடுத்து உலகச் சூழல் கிராமங்களின் கூட்டமைப்பு உருவானது. 2005இல் கையா எஜுகேஷன் என்ற அமைப்பு இதற்கெனப் பாடத்திட்டம் வகுத்தது. சமூகம், பொருளாதாரம், சூழலியல், உலகப் பார்வை என்று அதில் நான்கு பரிமாணங்கள். நல்ல பாடத்திட்டம். மண்ணையும் நீரையும் மட்டும் பேசாமல் மனிதர்கள் கூடி முடிவெடுப்பதையும் பாடமாக வைத்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் இப்படியொரு பயிலரங்குக்கு நானும் போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். குறை அந்த இடத்தின் மேல் மட்டும் இல்லை. பதினான்கு நாட்கள். மண் கல் அறுக்கவும், சமமட்டக் கோடு பிடித்து வரப்பு போடவும் கற்றுக்கொண்டோம். கடைசி நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நன்றி சொன்னோம். மண்ணுக்கு, மழைக்கு, மண்புழுவுக்கு. என் முறை வந்தபோது நான் ஒரு கவிதை வாசித்தேன். எங்களுக்குப் பதினான்கு நாளும் சமைத்துப் போட்டு, அண்டா குண்டா தேய்த்த இரண்டு பெண்களுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர்கள் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்புழுவின் அறிவியல் பெயர் தெரியும்.

தமிழ் படித்தவள் இந்தத் தவறைச் செய்திருக்கக் கூடாது. திணை என்ற நம் பழைய சிந்தனையைச் சூழலியல் என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறோம். நானும் வகுப்பில் சொல்கிறேன். ஆனால் தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு தொழிலையும் சேர்த்தே எண்ணுகிறார். ஒரு நிலத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதும் அந்த நிலத்தின் இயல்பில் அடக்கம். மரத்தையும் பறவையையும் எடுத்துக்கொண்டு தொழிலை மட்டும் விட்டுவிட்டால் மிஞ்சுவது திணை ஆகாது. அதைத் தோட்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வேலை என்றதும் நமக்கு உழுவதும் கட்டுவதும் நினைவுக்கு வருகின்றன. ஒரு குடியிருப்பைக் கட்ட ஒரு வருடம் ஆகும். கட்டியதைத் தினமும் கூட்டி, மெழுகி, கழுவி, ஆக்கி, அலசி வைக்க ஆயுள் முழுதும் ஆகும். இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். இது மிக்ஸியும் காஸ் அடுப்பும் வந்த பிறகுள்ள கணக்கு.

அதனால்தான், இயந்திரங்களைக் கழித்துவிட்டு வாழப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் ஒரு கேள்வி கேட்க வேண்டியவளாகிறேன். கழித்த வேலை எங்கே போகும்? மின்சாரம் செய்த வேலையை இனி ஏதோ ஒரு கை செய்தாக வேண்டும். அது யாருடைய கை?

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது, படித்தவர்கள் பலர் இலவசம் என்று கேலி பேசினார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தக் கிரைண்டர் வந்த அன்று அம்மா ஆட்டுக்கல்லைத் தானே உருட்டிக்கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் தள்ளினாள். இப்போதும் அங்கேதான் கிடக்கிறது. மழை பெய்தால் அதன் குழியில் நீர் நிற்கும், காக்கை குடிக்கும். எங்கள் குழுவில் ஒரு தோழி அதைப் பார்த்து, "அடடா, இதை நம் சமையற்கூடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்" என்றாள். அம்மா சிரித்தாள். "தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா நீயே ஆட்டு."

இங்கே நான் அம்மாவை ஞானியாக்கிவிடக் கூடாது. ஏழைப் பெண்ணின் சிக்கனத்தைப் பார்த்து, இவள்தான் உண்மையான சூழலியலாளர் என்று எழுதுவது எளிது. இயற்கையோடு பெண்களுக்கு ஒரு தனி நெருக்கம் உண்டு என்ற வாதத்தை 1992லேயே பீனா அகர்வால் மறுத்திருக்கிறார். பெண்களுக்கு இயற்கையோடு உள்ள உறவை அவர்களின் உடலிலிருந்து விளக்க முடியாது, நிலம் யாருடையது, வேலை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்துதான் விளக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். அம்மா ஒரு குடம் நீரில் குளித்தது குழாயடியில் அவ்வளவுதான் கிடைத்தது என்பதால். கிடைத்திருந்தால் இரண்டு குடத்தில் குளித்திருப்பாள். அதில் தவறேதும் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அம்மாவின் கிரைண்டரை ஓட்டும் மின்சாரம் வானத்திலிருந்து வரவில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காக 1956இல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்திருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில், நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டியதைத் தமிழ்நாடே பார்த்தது. எங்கள் ஊருக்குச் செராமிக் வந்ததும் அந்தச் சுரங்கத்தால்தான். நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் இங்கே பொம்மையாகவும் ஃப்யூஸ் கட்டையாகவும் ஆனது. என் படிப்புச் செலவு அந்தக் குழியிலிருந்து வந்தது. அம்மாவின் தோள்வலி குறைந்தால் இன்னொரு ஊரில் ஒருத்தியின் நடவு வயல் போகிறது. ஒருத்தியின் கையா, இன்னொருத்தியின் நிலமா என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்தும் கணக்கு இது.

இந்தக் கணக்கைத் தீர்க்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான். குறைப்பது என்று முடிவெடுத்தால், சுமை குறைவாக உள்ளவர்களின் வசதியிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். கிரைண்டர் இருக்கட்டும், அதற்குச் சூரியத் தகடு வைப்போம். குளிரூட்டியும் ஆளுக்கொரு காரும் போகட்டும். பெண்களின் கையை எரிபொருளாக்கிச் சேமிக்கும் மின்சாரத்துக்குச் சேமிப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

கழிப்பறை விஷயம் இன்னும் கடினம். மட்கும் கழிப்பறையைப் பற்றி மேலை நாட்டுப் புத்தகங்கள் மகிழ்ச்சியோடு பேசுகின்றன. தண்ணீர் மிச்சம், உரம் லாபம். இரண்டும் உண்மை. ஆனால் நம் மண்ணில் மலத்தைக் கையாளும் வேலைக்குச் சாதி இருக்கிறது. 1993லும் 2013லும் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த வேலை அது. மூடிவைத்து மட்கவிட்ட குழியில் கடைசியில் இருப்பது நாற்றமில்லாத மண்தான். அதை நிரூபிப்பதற்காக 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் மத்திய அரசின் செயலர் ஒருவரே குழிக்குள் இறங்கி அள்ளினார். நாடெங்கும் செய்தியானது. அவர் செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. அதிகாரி அள்ளினால் செய்தியாகும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக அள்ளியவர்களுக்கு யாரும் படமெடுக்கவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். எங்கள் கொல்லையில் குழி நிரம்பும் நாளில் "ஆள்" கூப்பிட்டால், நாங்கள் கட்டியிருப்பது சூழல் கிராமம் இல்லை. தோரணம் கட்டிய பழைய ஊர்.

சேர்ந்து வாழும் வடிவங்களை நம்மைச் சுற்றியே தேடிப் பார்த்தேன். முதலில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று, மழையால் அரிக்கப்பட்ட செம்மண் மேட்டில், 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டுத் தொடங்கிய நகரம். இன்று அங்கே காடு நிற்கிறது. அழுத்திய மண் கல்லில் கட்டும் கலையை உலகுக்குக் கற்றுத்தருகிறார்கள். கூரைமேல் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தில் வெயிலைப் பிடித்து நீராவியாக்கிச் சமைக்கும் பொதுச் சமையற்கூடம் இருக்கிறது. வீட்டுக்கொரு அடுப்பு என்பதைக் கேள்வி கேட்கும் வடிவம் என்பதால் எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் 50,000 பேருக்கெனத் திட்டமிட்ட அந்த நகரத்தில் வசிப்பவர்களைவிட, சுற்றுக் கிராமங்களிலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்கள் அதிகம். அவர்களில் பெண்கள் பலர். மரம் நட்டதிலும் வீடு கூட்டுவதிலும் அவர்கள் கை இருக்கிறது. கிராமத்தில் பிறந்து ஆரோவில்வாசியானவர்களும் உண்டு. ஆனாலும் குடியிருப்போர் பேரவையில் அமர்வதற்குப் பதிவேட்டில் பெயர் வேண்டும். காலையில் மிதிவண்டியில் வந்து மாலையில் திரும்புகிறவளுக்கு அது இல்லை. கூலி கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறது, அது சிறிய விஷயமும் இல்லை. என் அம்மாவுக்கும் கூலி கிடைத்தது. கூலி வேறு, சொல் வேறு. எங்கே எதைக் கட்டுவது என்ற பேச்சில் வாய் திறக்கும் உரிமையைத்தான் சொல் என்கிறேன்.

அடுத்தது சமத்துவபுரம். 1997இல் தமிழக அரசு அறிவித்த திட்டம். ஒவ்வொன்றிலும் 100 வீடுகள். பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. ஊர், சேரி என்று இரண்டாகவே பிரித்து வரையப்பட்ட நம் நிலத்தில், அந்தக் கோட்டை அழித்து வரைந்த வடிவம். சாதியைத் தொடாத எந்தச் சூழல் கிராமத்தையும்விட இதை நான் துணிச்சலானதாகக் கருதுகிறேன். ஆனால் வரைந்தவர்கள் தெருவோடு நின்றுவிட்டார்கள். நூறு வீடுகளுக்குள்ளும் நூறு அடுப்புகள். நூறு அடுப்புக்கும் முன்னால் நூறு பெண்கள்.

அப்படியென்றால் அடுப்பைப் பொதுவாக்கினால் போதுமா? 1910இல் தேகானியாவில் தொடங்கிய கிப்புட்ஸ் குடியிருப்புகளில் சமையலும் சலவையும் குழந்தை வளர்ப்பும் பொதுவாயின. ஆணும் பெண்ணும் சமம் என்பது அங்கே கொள்கை. சில பத்தாண்டுகளில் பொதுச் சமையற்கூடத்திலும் சலவையறையிலும் குழந்தைகள் இல்லத்திலும் பெரும்பாலும் பெண்களே நின்றார்கள். வேலை வீட்டைவிட்டு வெளியே வந்தது. பெண்ணும் அதன் பின்னாலேயே வந்தாள். கொள்கையும் கட்டடமும் இருந்தும், யார் எந்த நாள் எதைச் செய்வது என்பதை வழக்கத்தின் கையில் விட்டால், வழக்கம் நம்மைவிடச் சுறுசுறுப்பானது.

அம்மா வேலை செய்த இடத்தில் ஒரு விஷயம் பார்த்திருக்கிறேன். கரைத்த களிமண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மை நிற்கும் அளவுக்கு இறுகியதும் அச்சைப் பிரித்து, ஓரங்களைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். அதுதான் அம்மாவின் வேலை. அந்த நேரத்தில் கை தவறி உடைந்தால் கவலையில்லை. கரைசல் தொட்டியில் போட்டால் மறுபடியும் மண். சூளைக்குள் போய் வந்தபிறகு உடைந்தால் அது ஓடு. எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் திரும்பக் களிமண்ணாகாது. தொழிற்பேட்டை ஓரத்தில் அப்படிக் கிடக்கும் பொம்மைத் தலைகளோடுதான் சிறுவயதில் விளையாடினோம். எங்கள் வரைபடம் இன்னும் சூளைக்குப் போகவில்லை. சீவவும் துடைக்கவும் இதுதான் நேரம்.

அதனால் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, முதலில் ஒரு வேலைப் பட்டியல் எழுதுவோம் என்று தோழிகளிடம் சொன்னேன். வகுப்பிலும் இதைச் செய்து பார்த்தேன். நேற்று உங்கள் வீட்டில் நடந்த எல்லா வேலைகளையும், செய்தவர் பெயரோடு எழுதுங்கள் என்றேன். மாணவர்கள் பலருக்கு அரைப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. ஒரு மாணவி மூன்று பக்கம் எழுதி, நேரம் போதவில்லை என்றாள். பாட்டியின் மூத்திரத் துணியை அலசியது, தண்ணீர் வரும் நேரத்துக்கு விழித்திருந்தது, தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்தது. சூழலியல் பாடத்தை நான் இனி அங்கிருந்துதான் தொடங்குவேன்.

எங்கள் பட்டியலை எழுத இரண்டு மாதம் ஆயிற்று. கழிப்பறைக் குழி, சாக்கடை, பாத்திரம், நாற்றமெடுக்கும் காய்கறிக் கூடை, காய்ச்சல் வந்தவளின் வாந்தி. ஒவ்வொன்றுக்கும் நேராக ஆறு பேரும் சுழற்சியில். வெளியிலிருந்து ஒருவர் வேலைக்கு வருவதானால், மாதக் கூட்டத்தில் அவருக்கும் ஓட்டு, விரும்பினால் அங்கேயே வீடு. இந்த வரியை எழுதியபோது இரண்டு தோழிகள் விலகிக்கொண்டார்கள். "நாங்க நிம்மதியா வாழத்தான் அங்க வரோம்" என்றாள் ஒருத்தி. அவளும் முப்பது வருடம் வீட்டிலும் பள்ளியிலும் உழைத்துக் களைத்தவள்தான். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய நிம்மதிக்கு வேறொருத்தியின் முதுகு வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் மறக்க முடியவில்லை.

துணிக்கொடிக்கும் இடம் ஒதுக்கியாயிற்று. ஆரோவில்லிலிருந்து ஈகோ ஃபெம் துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடைகளைத் தருகிறது. பிளாஸ்டிக் குப்பை குறைகிறது. ஆனால் அந்தத் துணிக்கு நல்ல தண்ணீரும் நேர் வெயிலும் வேண்டும். அம்மா தன் காலத்துத் துணியைப் புடவைக்கு அடியில் மறைத்து, ஈரம் காயாமலே எடுத்துக் கட்டியவள். எங்களில் சிலருக்கு இனி அந்தத் தேவை இருக்காது. விருந்துக்கு வரும் மகள்களுக்கும் மாணவிகளுக்கும் இருக்கும். கொடியைக் கிழக்குப் பக்கம், திறந்த வெளியில், நூலகத்துக்கு எதிரே கட்டுவது என்று முடிவு. யார் கண்ணில் பட்டாலும் படட்டும்.

இன்னும் விடை கிடைக்காத வரி ஒன்று பட்டியலின் கடைசியில் இருக்கிறது. நான்கு பேருக்கும் ஒரே வயது. எண்பதில் நால்வரும் ஒன்றாகப் படுத்துவிட்டால் யார் யாரைத் தூக்குவது? சுழற்சி முறை அங்கே நின்றுவிடும். சமவயதுக்காரர்கள் மட்டும் சேர்ந்து கட்டுவது ஊராகாது என்பது அப்போதுதான் உறைத்தது. இளையவர்கள் வேண்டும். அவர்களுக்கு நாங்கள் தரக்கூடியது கூலியா, நிலத்தில் பங்கா, இரண்டுமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நிலத்துக்கு முன்பணம் கொடுக்க வைகாசிவரை தவணை கேட்டிருக்கிறோம்.

புதிய தாளை அம்மாவிடம் காட்டினேன். இந்த முறை படம் இல்லை, பட்டியல் மட்டும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "என் பேரு எங்க?" என்று கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா வேலை? நீ சும்மா வந்து இரு."

"சும்மா இருந்தா கூட்டத்துல பேச உடுவீங்களா?"

பேனாவை வாங்கி, காய்கறி நறுக்குவது என்ற வரிக்கு நேரே, செவ்வாய்க்கிழமையில் தன் பெயரை எழுதினாள்.